வெளிநாட்டுப் பணி விலகல் நடைமுறைகள்

வெளிநாட்டுப் பணி விலகல் நடைமுறைகள் என்பவை, வேறொரு நாட்டில் வேலை செய்யும் ஒருவர் அவ்வேலையை முடித்துக்கொண்டு தாயகம் திரும்பும்போது நிறைவு செய்யவேண்டிய சட்டம், நிதி, குடிவரவு ஆகியவை சார்ந்த நடைமுறைகள் ஆகும். விலகல் கடிதம் கொடுத்தல், இறுதிக் கணக்கைப் பெறுதல், வேலை உரிமத்தையும் வதிவிட அனுமதியையும் நீக்குதல், வெளியேறும் விசா பெறுதல், வங்கிக் கணக்கை முடித்தல், பணிச்சான்று பெறுதல் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை.

வேலைக்குச் செல்லும்போது தேவைப்படும் ஆவணங்களைப் பற்றிப் பொதுவாகப் பலரும் அறிந்துள்ளனர். வேலையை விட்டு வரும்போது தேவைப்படும் ஆவணங்கள் அந்த அளவுக்கு அறியப்படவில்லை. ஆனால் பல ஆண்டு உழைப்பின் பயனான பணிக்கொடை, சம்பள நிலுவை, மீண்டும் அந்நாட்டுக்குச் செல்லும் உரிமை ஆகிய மூன்றும் இந்த இறுதிக் கட்டத்திலேயே உறுதியாகின்றன அல்லது இழக்கப்படுகின்றன. எந்தெந்த ஆவணம் தேவை என்பதைப் போலவே, எது முன், எது பின் என்னும் வரிசையும் முக்கியமானது.

பொது அமைப்பு

வெளிநாட்டில் வேலை செய்பவருக்கு இரண்டு தனித்தனி உறவுகள் உள்ளன. ஒன்று, முதலாளியுடனான வேலை ஒப்பந்தம். மற்றொன்று, அந்நாட்டு அரசு வழங்கும் வதிவிட அனுமதி. சொந்த நாட்டில் வேலையை விடுபவருக்கு முதலாவது மட்டுமே முடிகிறது. வெளிநாட்டில் முதலாவது முடிந்தவுடன் இரண்டாவதும் முடியத் தொடங்குகிறது. வதிவிட அனுமதி முடிந்தபின் ஒருவர் அந்நாட்டில் தங்கித் தம் பணத்தைக் கேட்டு வழக்காடுவது கடினம். எனவே பணம் சார்ந்த அனைத்தையும், வதிவிட அனுமதி நடைமுறையில் இருக்கும்போதே முடித்துக்கொள்வது இந்நடைமுறையின் அடிப்படை விதியாகக் கருதப்படுகிறது.

வரலாறு

துண்டு முறை

தமிழர்களைப் பொறுத்தவரை, வேலையை விட்டு விலகுவதற்குத் தாள் தேவைப்பட்ட பழைய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று இலங்கைத் தோட்டங்களில் வழங்கிய துண்டு முறை ஆகும். 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் வழியாகத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள், பயணச் செலவு முதலியவற்றுக்காக வாங்கிய முன்பணத்தால் கடனாளிகளாகவே வேலையைத் தொடங்கினர். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிய முன்னறிவிப்பின்றி வேலையை விட்டுச் செல்வது தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது.

கடன் தீராதவர் வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால், தோட்டத் துரை ஒரு சிறு தாளில், இவ்வளவு தொகை செலுத்தப்பட்டால் இக்கங்காணியையும் இவரது ஆட்களையும் விடுவிக்கச் சம்மதம் என்று எழுதிக் கொடுப்பார். இத்தாளே துண்டு எனப்பட்டது. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி ஆட்களை எடுத்துக்கொள்ளும். இதனால் கடன் தீரவில்லை. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாறியது, பல வேளைகளில் வளரவும் செய்தது. ஆங்கிலேயத் தோட்ட நிர்வாகத்தினரும் தமது அறிக்கைகளில் இச்சொல்லைத் தமிழ் ஒலிப்பிலேயே பயன்படுத்தினர். 1921ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் தடை செய்யப்பட்டது.

சிறிமா–சாத்திரி ஒப்பந்தம்

1964 அக்டோபரில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமா–சாத்திரி ஒப்பந்தத்தின்படி, மலையகத் தமிழர்களுள் 5,25,000 பேருக்கு இந்தியக் குடியுரிமையும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமையும் வழங்குவதென முடிவாயிற்று. எஞ்சிய சுமார் 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் முடிவு செய்யப்பட்டது. இந்தியக் குடியுரிமை பெற்றோர் தோட்ட வேலையை விட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்ப நேர்ந்தது.

இவர்களுக்குக் கடவுச்சீட்டுடன் குடும்ப அட்டை ஒன்றும் வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் கிடைக்கவிருந்த மறுவாழ்வு உதவி இவ்வட்டையைச் சார்ந்தே அமைந்தது. புறப்படும் முன் ஊழியர் சேமலாப நிதியைப் பெற்றுக்கொள்ளவேண்டிய தேவையும் இருந்தது. இந்நிதி இலங்கையில் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்டது. நாட்டை நிரந்தரமாக விட்டுச் செல்வது அதை எடுத்துக்கொள்வதற்கான காரணங்களுள் ஒன்றாக ஏற்கப்படுகிறது. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலில் வந்தோர் மண்டபம் முகாம் வழியாகப் பல மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் நூற்பாலைகளிலும் பலருக்கு வேலை அளிக்கப்பட்டது.

வளைகுடா நாடுகள்

1970களில் எண்ணெய் விலை உயர்ந்தபின் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பெருந்தொகையினர் வளைகுடா நாடுகளுக்குச் செல்லத் தொடங்கினர். இந்தியாவில் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டமும், இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை ஏற்படுத்திய 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமும் இயற்றப்பட்டன. இரண்டும் பெரும்பாலும் ஆட்சேர்ப்பையும் புறப்பாட்டையும் ஒழுங்குபடுத்தின. திரும்பி வருதல் பெரும்பாலும் வேலை செய்யும் நாட்டின் சட்டத்துக்கே விடப்பட்டது.

கஃபாலா முறையும் வெளியேறும் அனுமதியும்

வளைகுடா நாடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளரின் வதிவிடம் ஒரு பொறுப்பாளரைச் சார்ந்து அமையும் ஏற்பாடு கஃபாலா எனப்படுகிறது. பொறுப்பாளர் கபீல் எனப்படுகிறார். வேலை மாறுவதற்கும், சில நாடுகளில் நாட்டை விட்டு வெளியேறுவதற்கும் கபீலின் இசைவு தேவைப்பட்டது. இந்நிலை நாட்டுக்கு நாடு வேறுபட்டதுடன் அண்மைக் காலத்தில் பெரிதும் மாறியுள்ளது.

கத்தார்: 2018ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம், தொழிலாளர் சட்டத்துக்கு உட்பட்ட பெரும்பாலானோருக்கு வெளியேறும் அனுமதியை நீக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் இது நடைமுறைக்கு வந்தது. 2020 ஜனவரியில் வீட்டுப் பணியாளர் உள்ளிட்டோருக்கும் இது விரிவாக்கப்பட்டது. வீட்டுப் பணியாளர் புறப்படுவதற்கு 72 மணி நேரத்துக்கு முன் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. வேலை மாறுவதற்கான தடையின்மைச் சான்று 2020இல் நீக்கப்பட்டது.

சவூதி அரேபியா: 2021 மார்ச் 14 முதல், தனியார் துறைத் தொழிலாளர் அரசின் இணையச் சேவைகள் வழியாகத் தாமே இறுதி வெளியேற்றத்துக்கு விண்ணப்பிக்க வழி செய்யப்பட்டது. வீட்டுப் பணியாளர், வீட்டு ஓட்டுநர், தோட்டக்காரர், பண்ணையாள் முதலியோர் அச்சீர்திருத்தத்தில் சேர்க்கப்படவில்லை.

ஓமான்: முன்னாள் முதலாளியின் தடையின்மைச் சான்று இல்லாதவர் இரண்டு ஆண்டுகள் மீண்டும் வேலைக்கு வர இயலாது என்னும் விதி 2021 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டது.

குவைத்: பிற நாடுகள் இவ்வனுமதியைத் தளர்த்திவந்த காலத்தில், குவைத் 2025 ஜூலை 1 முதல் தனியார் துறையின் வெளிநாட்டுத் தொழிலாளருக்கு முதலாளி ஒப்புதலுடன் கூடிய வெளியேறும் அனுமதியைக் கட்டாயமாக்கியது. இறுதியாக நாடு திரும்புவோருக்கு மட்டுமின்றி விடுமுறையில் செல்வோருக்கும் இது பொருந்தும்.

ஐக்கிய அரபு அமீரகம்: இங்கு வெளியேறும் அனுமதி என்று தனியாக ஒன்று இல்லை. வேலை உரிமமும் அதைத் தொடர்ந்து வதிவிட விசாவும் நீக்கப்படுகின்றன. தமிழர்களிடையே இது சுருக்கமாகக் கேன்சல் எனப்படுகிறது. நீக்கியபின் வழங்கப்படும் சலுகைக் காலம் வதிவிட வகையைப் பொறுத்து மாறும். அதற்கு மேல் தங்குவோர் நாளொன்றுக்கு 50 திர்காம் தண்டம் செலுத்த வேண்டும்.

இறுதிக் கணக்கும் பணிக்கொடையும்

வேலை முடியும்போது முதலாளி தரவேண்டிய மொத்தத் தொகை இறுதிக் கணக்கு எனப்படுகிறது. கடைசி மாதச் சம்பளம், எடுக்கப்படாத விடுப்புக்கான ஊதியம், மிகைநேர ஊதிய நிலுவை, பணிக்கொடை, ஒப்பந்தம் அல்லது சட்டத்தின்படி உரியதானால் பயணச்சீட்டு ஆகியவை இதில் அடங்கும். வளைகுடா நாடுகளில் வெளிநாட்டவருக்கு ஓய்வூதியம் இல்லை. அதற்கு ஈடாக அமைவதால் பணிக்கொடையே இவற்றுள் பெரிய தொகையாக இருப்பது வழக்கம்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி, ஓராண்டாவது வேலை செய்தவருக்கு முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்குப் பிந்திய ஆண்டொன்றுக்கு 30 நாள் அடிப்படைச் சம்பளமும் பணிக்கொடையாகும். மொத்தத் தொகை இரண்டு ஆண்டுச் சம்பளத்தை விஞ்சக்கூடாது. தொகை 14 நாட்களுக்குள் வழங்கப்பட வேண்டும். 1980ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் தாமாக விலகுவோருக்குப் பணிக்கொடை குறைக்கப்பட்டது. புதிய சட்டத்தில் அக்குறைப்பு இல்லை.

எடுத்துக்காட்டாக, மாத அடிப்படைச் சம்பளம் 1,200 திர்காம் பெற்று ஏழு ஆண்டுகள் வேலை செய்த ஒருவரைக் கொள்க. அவரது ஒரு நாள் சம்பளம் 40 திர்காம். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு 21 × 40 × 5 = 4,200 திர்காம். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 30 × 40 × 2 = 2,400 திர்காம். மொத்தம் 6,600 திர்காம்.

சவூதி அரேபியாவில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளமும், பின்னர் ஆண்டொன்றுக்கு ஒரு மாதச் சம்பளமும் கணக்கிடப்படுகின்றன. தாமாக விலகுவோர் இரண்டு ஆண்டுக்கும் ஐந்து ஆண்டுக்கும் இடைப்பட்ட பணிக்கு மூன்றில் ஒரு பங்கும், ஐந்துக்கும் பத்துக்கும் இடைப்பட்ட பணிக்கு மூன்றில் இரண்டு பங்கும், பத்து ஆண்டுகளுக்குப்பின் முழுத் தொகையும் பெறுவர். கடைசிச் சம்பளம் 1,500 ரியால் பெற்று ஏழு ஆண்டுகள் உழைத்தவருக்கு முழுத் தொகை 3,750 + 3,000 = 6,750 ரியால். அவர் தாமாக விலகினால் கிடைப்பது 4,500 ரியால் மட்டுமே. ஆகவே, வேலை எவ்வாறு முடிந்தது என்று தாளில் எழுதப்படும் ஒரு வரி, இவ்வெடுத்துக்காட்டில் 2,250 ரியால் மதிப்புடையது. ஒப்பந்தக் காலம் முடிந்ததா, முதலாளி நீக்கினாரா, தொழிலாளி விலகினாரா என்பதைக் கடிதத்தில் சரியாகக் குறிப்பிடுவதன் தேவை இதனால் விளங்கும்.

குவைத்தில் 2010ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டப்படி மாதச் சம்பளம் பெறுவோருக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 15 நாள் சம்பளமும், பின்னர் ஒரு மாதச் சம்பளமும் உண்டு. கத்தாரில் ஆண்டொன்றுக்குக் குறைந்தது மூன்று வாரச் சம்பளம். பஹ்ரைனில் 2024 மார்ச் முதல் முதலாளிகள் மாதந்தோறும் சமூகக் காப்பீட்டு அமைப்பில் செலுத்துகின்றனர். அதன்பிற்பட்ட பணிக்காலத்துக்கான தொகையைத் தொழிலாளி அவ்வமைப்பிலிருந்தே பெறுகிறார்.

சம்பளத்தை அடிப்படை, படிகள் எனப் பிரித்து எழுதும்போது அடிப்படை குறைவாகக் காட்டப்பட்டால், அடிப்படைச் சம்பளத்தைக் கொண்டு கணக்கிடும் நாடுகளில் பணிக்கொடையும் குறையும். பணி விலகும் நாளில் தெரியவரும் இக்குறை, வேலையில் சேரும் நாளில் கையொப்பமிட்ட ஒப்பந்தத்திலேயே தொடங்கியிருக்கும்.

நடைமுறை வரிசை

நாட்டுக்கு நாடு வேறுபாடுகள் இருப்பினும், பொதுவாகப் பின்பற்றத்தக்க வரிசை பின்வருமாறு:

1. ஒப்பந்தத்தைப் பார்த்து முன்னறிவிப்புக் காலத்தை அறிதல். ஐக்கிய அரபு அமீரகத்தில் இது 30 முதல் 90 நாட்கள்.
2. விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் அல்லது மின்னஞ்சல் பதிலை வைத்துக்கொள்ளல். வாய்ச்சொல்லால் மட்டும் விலகியவர் முன்னறிவிப்பைக் கொடுத்ததாகப் பின்னர் மெய்ப்பிக்க இயலாது.
3. ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கறிக்கை, வருகைப் பதிவு ஆகியவற்றின் படிகளை எடுத்துத் தாயகத்துக்கு அனுப்பிவைத்தல். அமீரகம் 2009இலும், சவூதி அரேபியா 2013இலும், கத்தார் 2015இலும் தொடங்கிய ஊதியப் பாதுகாப்பு முறைகளால் சம்பளம் வங்கி வழியே செல்வதால், வங்கி அறிக்கை வலுவான சான்றாகிறது.
4. கருவிகள், சீருடை, தங்குமிடத் திறவுகோல் முதலியவற்றைத் திருப்பிக் கொடுத்து நிலுவையின்மைச் சான்று பெறுதல்.
5. வங்கிக் கடன், கடன் அட்டை, தொலைபேசிக் கட்டணம், போக்குவரத்துத் தண்டம் ஆகியவற்றைத் தீர்த்தல். நிலுவைகளால் பயணத்தடை ஏற்படக்கூடும். அது விமான நிலையத்தில்தான் தெரியவருவதும் உண்டு.
6. இறுதிக் கணக்கின் எழுத்து வடிவத்தைப் பெற்றுச் சரிபார்த்துப் பணத்தைப் பெறுதல்.
7. பணிச்சான்று பெறுதல். சவூதி அரேபியச் சட்டப்படி முதலாளி இதைக் கட்டணமின்றி வழங்க வேண்டும்.
8. வேறு நாட்டில் வேலை தேடும் எண்ணமிருந்தால், காவல்துறை நன்னடத்தைச் சான்று பெறுதல். கைரேகை கொடுக்க வேண்டியிருப்பதால் நாட்டில் இருக்கும்போதே இதைப் பெறுவது எளிது.
9. வேலை உரிமத்தையும் வதிவிட அனுமதியையும் நீக்குதல் அல்லது இறுதி வெளியேற்ற விசா பெறுதல். சவூதி அரேபியாவில் இவ்விசா பெற்றபின் 60 நாட்களுக்குள் வெளியேற வேண்டும்.
10. கடைசித் தொகை வந்து சேர்ந்தபின் வங்கிக் கணக்கை முடித்தல்.

கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதை வளைகுடா நாடுகளின் சட்டங்கள் தடை செய்கின்றன. எனினும் அவ்வழக்கம் முற்றிலும் மறையவில்லை. 1967ஆம் ஆண்டு இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டத்தின்படி, கடவுச்சீட்டு இந்திய அரசின் சொத்தாகும். அதைத் திரும்பப் பெற இயலாதவருக்குத் தூதரகம் ஒருவழிப் பயணத்துக்கான அவசரச் சான்றிதழ் வழங்கும்.

கையொப்பமும் உரிமைக் கோரிக்கையும்

இறுதிக் கணக்கின்போது, தமக்குரிய அனைத்தையும் பெற்றுக்கொண்டதாகவும் இனி எக்கோரிக்கையும் இல்லை என்றும் கூறும் தாளில் தொழிலாளியின் கையொப்பம் கேட்கப்படுவது வழக்கம். இத்தாள் பெரும்பாலும் அரபு மொழியில் இருக்கும். பணம் கைக்கு வரும்முன் இதில் கையொப்பமிடுவது, பின்னர் தொழிலாளர் துறையில் முறையிடுவதை வலுவிழக்கச் செய்யும். தாளின் பொருளைக் கேட்டறிதல், தொகையையும் நாளையும் எழுதுவித்தல், படி ஒன்றைப் பெறுதல் ஆகிய மூன்றும் குறைந்தளவு பாதுகாப்புகளாகும்.

நிலுவையைக் கோருவதற்குக் கால வரம்பு உண்டு. சவூதி அரேபியாவிலும் கத்தாரிலும் இது வேலை முடிந்ததிலிருந்து ஓராண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஓராண்டாக இருந்தது 2024இல் இரண்டு ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. தாயகம் திரும்பியவர், சான்றுறுதி செய்யப்பட்ட அதிகாரப் பத்திரம் வழியாக அந்நாட்டிலுள்ள ஒருவரைத் தம் சார்பில் நியமித்து வழக்கைத் தொடரலாம். புறப்படும் முன்பே தொழிலாளர் துறையிலோ தூதரகத்திலோ முறையீட்டைப் பதிவு செய்திருந்தால் இது எளிதாகும்.

2016இல் சவூதி அரேபியாவில் சில கட்டுமான நிறுவனங்கள் மாதக்கணக்கில் சம்பளம் வழங்காததால் ஆயிரக்கணக்கான இந்தியர் முகாம்களில் சிக்கினர். நிலுவைக் கோரிக்கையைத் தூதரகத்தில் பதிவு செய்துவிட்டு நாடு திரும்புமாறு அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் அவர்களைக் கேட்டுக்கொண்டார். 2020இல் கொரோனாத் தொற்றின்போது நிலைமை பரவலானது. மே 7 அன்று தொடங்கிய வந்தே பாரத் சிறப்பு விமானங்களில் திரும்பியோருள் பலர், இறுதிக் கணக்கு முடியாமலேயே புறப்பட்டனர். முறையிடும் அலுவலகங்களும் நீதிமன்றங்களும் மூடியிருந்த அக்காலத்தில், விமானத்தைத் தேர்ந்தெடுப்பதா, நிலுவைக்காகக் காத்திருப்பதா என்பது கடினமான முடிவாக இருந்தது. ஊதியத் திருட்டுக்கு எதிரான பன்னாட்டு இயக்கம் ஒன்றை ஆசியப் புலம்பெயர் தொழிலாளர் அமைப்புகள் அவ்வாண்டில் தொடங்கின.

தலைமறைவுப் பதிவும் பொது மன்னிப்பும்

வேலைக்கு வராமல் போன தொழிலாளி தலைமறைவாகிவிட்டதாக முதலாளி அரசுக்குத் தெரிவிப்பது உண்டு. சவூதி அரேபியாவில் இது ஹுரூப் எனப்படுகிறது. இப்பதிவு உள்ளவர் வழக்கமான முறையில் வெளியேறும் விசா பெற இயலாது. பிடிபட்டால் தடுப்புக் காவல், நாடு கடத்தல், மறு நுழைவுத் தடை ஆகியவற்றுக்கு ஆளாக நேரிடலாம். சம்பளம் கேட்டு முறையிட்டவர் மீது பழிவாங்கும் நோக்குடன் இப்பதிவு செய்யப்படுவதாகத் தொழிலாளர் உரிமை அமைப்புகள் குறை கூறி வந்துள்ளன. எனவே சம்பளம் வரவில்லை என்பதற்காக வேலையிடத்தை விட்டு அகலும் முன், தொழிலாளர் துறையில் முறையீடு செய்து அதன் எண்ணைப் பெற்றுக்கொள்வது பாதுகாப்பானது.

ஆவணமின்றித் தங்கியோர் தண்டமின்றியோ குறைந்த தண்டத்துடனோ வெளியேற, அரசுகள் அவ்வப்போது பொது மன்னிப்பு அறிவிக்கின்றன. சவூதி அரேபியாவில் 2013 ஏப்ரல் முதல் நவம்பர் தொடக்கம் வரை வழங்கப்பட்ட சலுகைக் காலத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் தாயகம் திரும்பினர். ஐக்கிய அரபு அமீரகம் 2007, 2018, 2024 ஆகிய ஆண்டுகளிலும் இத்தகைய வாய்ப்பை அளித்தது. மலேசியா 2019 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை 700 ரிங்கிட் தண்டத்துடன் வெளியேற அனுமதித்தது.

சிங்கப்பூர்

சிங்கப்பூரில் வேலை உரிமம் பெற்ற தொழிலாளருக்காக முதலாளி, மலேசியர் அல்லாத ஒவ்வொருவருக்கும் 5,000 வெள்ளி பிணையம் வைக்கிறார். தொழிலாளியைத் தாயகம் அனுப்பும் செலவும் முதலாளியைச் சார்ந்தது. வேலை முடிந்த ஒரு வாரத்துக்குள் உரிமத்தை நீக்க வேண்டும்.

வரித் தீர்வை இங்குக் கவனிக்கத்தக்கது. வெளிநாட்டு ஊழியர் வேலையை விடுவதற்குக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் முதலாளி வருமானவரித் துறைக்குப் படிவம் அளித்து, ஊழியருக்குச் சேரவேண்டிய தொகையை நிறுத்திவைக்க வேண்டும். வரி கணக்கிட்டுக் கழித்தபின் எஞ்சியது வழங்கப்படும். கடைசி மாதச் சம்பளம் குறித்த நாளில் வராததற்குப் பல வேளைகளில் இதுவே காரணம். குறைந்த வருமானமுடைய தொழிலாளர் பலருக்கு இப்படிவம் தேவைப்படுவதில்லை. சம்பளப் பூசல்களை வேலை முடிந்த ஆறு மாதங்களுக்குள் முத்தரப்புப் பூசல் தீர்வு அமைப்பிடம் கொண்டு செல்ல வேண்டும்.

மத்திய சேமநிதி வேலை உரிமத்தில் உள்ள வெளிநாட்டவருக்கு இல்லை. நிரந்தரவாசிகளாக இருந்தோர் சிங்கப்பூரையும் மேற்கு மலேசியாவையும் விட்டு நிரந்தரமாகச் செல்லும்போது தமது சேமிப்பை எடுத்துக்கொள்ளலாம்.

தாயகத்தில் செய்யவேண்டியவை

இந்தியா திரும்பி நிலையாகத் தங்குவோர், வெளிநாடு வாழ் இந்தியர் என்ற தகுதியில் வைத்திருந்த வங்கிக் கணக்குகளை உள்நாட்டவர் கணக்குகளாக மாற்ற வேண்டும். 1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் இதைக் கோருகிறது. வருமானவரி நோக்கில் ஒருவர் உள்நாட்டவரா என்பது பெரும்பாலும் நிதியாண்டில் இந்தியாவில் தங்கிய நாட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 182 நாட்கள் என்பது பொதுவான எல்லை. எனவே திரும்பும் மாதமும் வரிக் கணக்கைப் பாதிக்கலாம். வீட்டுப் பொருட்களைக் கொண்டு வருவோருக்கு, வெளிநாட்டில் தங்கிய காலத்தைப் பொறுத்துச் சுங்கச் சலுகை உண்டு.

நிலுவை, தலைமறைவுப் பதிவு போன்ற சிக்கல்களைத் தெரிவிக்க இந்திய வெளியுறவு அமைச்சகம் 2015இல் மதத் என்னும் இணையத்தளத்தைத் தொடங்கியது. இடருற்றோருக்கான பயணச்சீட்டு, சட்ட உதவி முதலியவற்றுக்கு, 2009இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமூக நல நிதியிலிருந்து தூதரகங்கள் உதவுகின்றன. தமிழ்நாடு அரசு 2011இல் வெளிநாடு வாழ் தமிழர் நலனுக்கான சட்டத்தை இயற்றியது. ஜனவரி 12 ஆம் நாள் 2022 முதல் அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

திருப்பூர்ப் பகுதி

திருப்பூர் பின்னலாடைத் தொழில் வட்டாரம் இந்நடைமுறைகளை இரு திசைகளிலும் காணத்தக்க இடமாகும்.

முதலாவது, ஆடைத் தொழிலாளர் வெளிநாடு செல்வதும் திரும்புவதும் ஆகும். ஜோர்தானின் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளில் இந்தியரும் இலங்கையரும் ஒப்பந்தக் காலத்துக்கு வேலை செய்கின்றனர். அங்கு பெற்ற பணிச்சான்று, திரும்பி வந்தபின் மேற்பார்வையாளர் போன்ற வேலைகளுக்கு அனுபவச் சான்றாகப் பயன்படும். திருப்பூரில் பீஸ் ரேட்டு முறையில், காண்டிராக்டர் வழியாக வேலை செய்வோர் பலரிடம் பணிக்காலத்தைக் காட்டும் தாள் எதுவும் இருப்பதில்லை. எனவே திறமை இருந்தும் வெளிநாட்டு வேலைக்கு அனுபவத்தை மெய்ப்பிக்க இயலாத நிலை ஏற்படுகிறது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து வேலை செய்து ஊர் திரும்புவோரும் இதையொத்த சிக்கலையே சந்திக்கின்றனர். வருங்கால வைப்பு நிதிக்கான பொதுக் கணக்கு எண் 2014இல் அறிமுகமானபின் வேலை மாறும்போது கணக்கைத் தொடர்வது எளிதாயிற்று. ஆயினும் ஆதாரிலும் நிதிக் கணக்கிலும் பெயரோ பிறந்த நாளோ வேறுபட்டால் பணம் எடுப்பது தடைப்படும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டவரின் ஊதிய நிலுவையை இரண்டு வேலை நாட்களுக்குள் வழங்க வேண்டும்.

இரண்டாவது, திருப்பூரில் தொழில் செய்யும் வெளிநாட்டவர் இந்தியாவை விட்டுச் செல்வது ஆகும். தொடருந்து நிலையத்தை அடுத்துள்ள காதர்பேட்டை, பனியன் முதலிய பின்னலாடைகளின் மொத்த விற்பனைச் சந்தையாகும். ஏற்றுமதியில் எஞ்சிய ஆடைகளை வாங்க, நைஜீரியா உள்ளிட்ட ஆப்பிரிக்க நாடுகளின் வணிகர்கள் இங்கு வந்து தங்கித் தொழில் செய்து வந்துள்ளனர். இத்தகையோருக்கு இந்தியாவே வெளிநாடு. நீண்டகால விசாவில் வந்தோர் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். 2018 முதல் இப்பணி இணையவழியில் நடைபெறுகிறது. விசாக் காலம் கடந்தவர் தண்டம் செலுத்தி வெளியேறும் அனுமதி பெற்ற பின்னரே விமானம் ஏற முடியும். 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம் முதலிய நான்கு பழைய சட்டங்களுக்கு மாற்றாக, குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் வருமானம் ஈட்டிய வெளிநாட்டவர் புறப்படும் முன் வரி அலுவலரிடம் தடையின்மைச் சான்று பெறவேண்டும் என்னும் விதி, 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 230ஆம் பிரிவில் இடம்பெற்றது.

ஆகவே துபாயில் கேன்சலுக்குக் காத்திருக்கும் திருப்பூர்த் தொழிலாளியும், சென்னை விமான நிலையத்துக்குப் புறப்படும் முன் அனுமதிக்குக் காத்திருக்கும் காதர்பேட்டை வணிகரும் சந்திப்பது ஒரே வகையான வினாவை: நாட்டை விட்டுச் செல்ல ஒருவரிடம் இருக்கவேண்டிய தாள் எது, அதைத் தரும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பதே அது. துண்டு முறைக் காலத்தில் அவ்வதிகாரம் தோட்டத் துரையிடம் இருந்தது. இன்று பல நாடுகளில் அது முதலாளியிடமிருந்து அரசின் இணையச் சேவைக்கு மாறியுள்ளது. சில நாடுகளில் முதலாளியிடமே தொடர்கிறது.

இவற்றையும் பார்க்க

கங்காணி முறை
கஃபாலா முறை
சிறிமா–சாத்திரி ஒப்பந்தம்
பணிக்கொடை
திருப்பூர்